ஆங்கில வீட்டுப்பாடம்: அம்மாப்பேட்டைத் திண்ணையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் மாலை ஆறு மணிக்குப் பாய் விரிப்பேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நிற்கும்போது நாங்களும் நிறுத்துவோம். அநேகமாக எட்டு மணி ஆகியிருக்கும். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய பழக்கம் இது. கட்டணம் கிடையாது, அதனால் வருகைப் பதிவும் கிடையாது. வராதவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், பெரும்பாலும் தலைகீழாக. ஒரே கேள்விக்கு ஊரெல்லாம் தனித்தனியாகப் பதில் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அம்மாக்களும் தாத்தாக்களும் படிக்க வேண்டும் அல்லவா?

மிஸ், விடையை மட்டும் அனுப்பினால் போதாதா? ஏன் எங்களையே திருப்பிக் கேள்வி கேட்கிறீர்கள்?

ஒருமுறை அனுப்பினேன். மறுநாள் நான்கு நோட்டுகளில் அதே விடை, அவசரத்தில் நான் செய்த எழுத்துப்பிழையோடு. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

டீச்சரம்மா, எனக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. நாள் முழுவதும் தறி வேலை. பிள்ளையின் ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு நான் என்ன உதவி செய்ய முடியும்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலக் கேட்கிறார்கள். உண்மையில் பாதி வேலையை நீங்கள்தான் செய்ய முடியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பாடத்தில் ஐரிஷ் எழுத்தாளர் லியாம் ஓ'ஃப்ளாஹெர்ட்டியின் கடற்பறவைக் கதை. குஞ்சு ஒன்று பறக்கப் பயந்து பாறை விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. அண்ணன்களும் தங்கையும் பறந்துபோய்விட்டார்கள். தாய்ப்பறவை மீன் துண்டைக் கவ்விக்கொண்டு மிக அருகில் வந்து, எட்டாத தூரத்தில் அப்படியே மிதக்கிறது. பசி தாங்காமல் குஞ்சு பாய்கிறது, விழுகிறது, விழும்போது சிறகு விரிகிறது. இந்தப் பெண் கேள்விக்கு விடை எழுத வராமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே, "கதையை என்னிடம் சொல்" என்றார். சொன்னாள். அம்மா கேட்டார்: "இறக்கை இருந்தும் ஏன் பறக்கவில்லை? பட்டினி போட்டா பறக்க வைப்பது? அவள் என்ன தாய்?" மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. தாய்ப்பறவைக்காக வாதாடத் தொடங்கினாள். பயம்தான் காரணம், இறக்கை அல்ல என்றாள். கெஞ்சியும் திட்டியும் பார்த்தாகிவிட்டது, வேறு வழி இல்லை என்றாள். விழுந்த பிறகு எல்லோரும் அதைச் சுற்றிப் பறந்து பாராட்டினார்களே என்றாள். மறுநாள் திண்ணையில் அவள் இதைச் சொன்னபோது, "அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுது" என்றேன். ஐந்து மதிப்பெண் விடை முழுதாக இருந்தது.

அந்த அம்மா கேட்டவை தேர்வில் கேட்கும் கேள்விகளேதான். யார் வந்தார்கள், என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தார்கள், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய். இவற்றைத் தமிழில் கேளுங்கள். இடையிடையே "அப்புறம்?" என்று சொல்லுங்கள். தமிழில் சொல்லத் தெரியாத கதையை ஆங்கிலத்தில் எழுதவே முடியாது. பார்த்து எழுதத்தான் முடியும். பிள்ளை கதை சொல்லும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அந்த இடத்தில் பாடம் புரியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு என்னிடம் அனுப்புங்கள்.

'எ', 'ஆன்' எங்கே எது வரும்? ஏ, ஈ, ஐ, ஓ, யூ எழுத்துகளுக்கு முன் 'ஆன்' என்று படித்தேன். ஆனாலும் தப்பு என்கிறார்கள்.

அந்த விதியை மறந்துவிடு. உனக்கு இதைவிட நல்ல விதி ஏற்கெனவே தெரியும். தமிழில் 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்று எழுதுகிறாய் அல்லவா? உயிரெழுத்துக்கு முன் ஓர், உயிர்மெய்க்கு முன் ஒரு. ஆங்கிலத்திலும் அதுவேதான் நடக்கிறது. சிக்கல் என்னவென்றால் ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று.

ஆகவே அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார். 'யுனிவர்சிட்டி' என்று எழுதினால் முதல் எழுத்து யு, உயிர்மெய். எனவே 'எ யுனிவர்சிட்டி'. ஆங்கிலத்தில் அது யூ என்ற உயிரெழுத்தில் தொடங்கினால் தொடங்கட்டும். மணி நேரம் என்பதற்கான சொல் ஆங்கிலத்தில் ஹெச்-சில் தொடங்குகிறது, தமிழில் எழுதினால் 'அவர்'. எனவே 'ஆன் அவர்'. 'ஆனஸ்ட்' அப்படியே. 'எம்.எல்.ஏ.' என்பதில் எம் என்ற எழுத்து மெய்தான், ஆனால் வாயில் வருவது எ. ஆகவே 'ஆன் எம்.எல்.ஏ.' 'யூரோப்பியன்' என்றால் 'எ'.

இரண்டு இடங்களில் இந்த வித்தை காலை வாரும். ஒன்று, நம் ஊரில் 'எம்.எல்.ஏ.'வைப் பலர் 'யெம்.எல்.ஏ.' என்று சொல்கிறோம். பேச்சில் எ-வுக்கு முன் ஒரு ய் தானாக ஒட்டிக்கொள்கிறது. எழுதும்போது அந்த ய்-யைக் கழற்றிவிட வேண்டும். மற்றொன்று, 'ஒன்வே' என்று கடைவீதிப் பலகையில் தமிழில் எழுதியிருப்பார்கள். உண்மையான ஒலி 'வன்வே'. எனவே 'எ'.

'த' எங்கே வரும் என்பது தனிக் கதை. தமிழில் அதற்கு ஈடான சொல் இல்லை, ஆனால் 'ஒரு பையன் வந்தான், அந்தப் பையன் அழுதான்' என்று சொல்கிறோம். முதல் தடவை 'எ', தெரிந்தவனான பிறகு 'த'. மனத்துக்குள் 'அந்த' போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி இடங்களில் சரியாக வரும். சூரியன், சந்திரன்போல உலகத்துக்கு ஒன்றே ஒன்றாக இருப்பவற்றுக்கும் 'த' உண்டு. எஞ்சிய கால்வாசி படிக்கப் படிக்கத்தான் வரும். அதற்கு நானும் குறுக்குவழி கண்டதில்லை.

'ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் டெய்லி' என்று எழுதினேன். சிவப்பு மை போட்டுவிட்டார்கள். ஏன்?

'போகிறேன்' என்ற ஒரே சொல் தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. தினமும் போகிறேன், இதோ போகிறேன் இரண்டும் அதுதான். ஆங்கிலத்தில் அவை தனித்தனி. எழுதும் முன் 'கொண்டிருக்கிறேன்' போட்டுப் பார். 'இதோ போய்க்கொண்டிருக்கிறேன்' சரியாக இருக்கிறது, எனவே 'ஆம் கோயிங்'. 'தினமும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்' என்றால் நீ இன்னும் போய்ச் சேரவில்லை என்றே தோன்றும்! எனவே 'ஐ கோ'.

இன்னொன்றும் கவனி. தமிழில் 'நான்' வராமல் 'எனக்கு' வரும் வினைகள் உண்டு. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது. இவற்றுக்கான ஆங்கில வினைகள் பெரும்பாலும் 'இங்' ஏற்காது. 'ஐ ஆம் நோயிங்' தப்பு, 'ஐ நோ' சரி. 'ஐ ஆம் வாண்டிங்' தப்பு, 'ஐ வாண்ட்' சரி. வகுப்பில் இருபது வினைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். 'எனக்கு' என்ற ஒற்றைச் சொல்லை நினைவில் வைத்தால் அந்தப் பட்டியலில் பாதி தானாக வந்துவிடும்.

'ஷி கோ' தப்பு, 'ஷி கோஸ்' சரி. அந்த 'ஸ்' எதற்கு?

போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறார்கள் என்று நம் வினை ஆளுக்கு ஆள் வால் மாற்றுகிறது. ஆங்கிலமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மற்ற வால்கள் எல்லாம் தேய்ந்துபோய் மிஞ்சியது இந்த ஒன்றுதான். ஒன்றே ஒன்றைக்கூடப் போட மறுத்தால் எப்படி?

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவதில் எப்போதும் மதிப்பெண் போகிறது. 'சொன்னார்' வந்தால் என்னென்ன மாறும்?

வழிகாட்டி நூல்களில் இதற்கு அட்டவணை போட்டிருப்பார்கள்: இது வந்தால் அது, அது வந்தால் இது. அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள்கூடத் தேர்வறையில் குழம்புகிறார்கள். காரணம் தமிழில் இருக்கிறது.

"நாளைக்கு வருகிறேன் என்று மாமா சொன்னார்." இதில் 'என்று' ஒரு டப்பா மாதிரி. மாமா வாயிலிருந்து வந்ததை அப்படியே உள்ளே வைத்து மூடிவிடுகிறது. எதையும் மாற்ற வேண்டாம். அந்தப் பழக்கத்தில்தான் பிள்ளைகள் 'அங்கிள் செட் தட் ஐ ஆம் கமிங் டுமாரோ' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இதைப் படிப்பவர் வரப்போவது மாமா அல்ல, எழுதிய பிள்ளைதான் என்று நினைப்பார். ஆங்கில 'தட்' டப்பா அல்ல.

ஆனால் தமிழில் இன்னொரு வழியும் இருக்கிறது. செய்தித்தாளில் தினமும் பார்க்கிறாய்: "தான் மறுநாள் வருவதாக மாமா சொன்னார்." பார்த்தாயா? 'நான்' போய் 'தான்' வந்துவிட்டது. 'நாளைக்கு' போய் 'மறுநாள்' வந்துவிட்டது. யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. ஆங்கில அயற்கூற்று இந்த 'வருவதாக'தான். அதனால் முதலில் 'என்று' வாக்கியத்தை 'ஆக' வாக்கியமாகத் தமிழில் மாற்று. பிறகு ஆங்கிலத்துக்குப் போ. மீதம் இருப்பது காலம் ஒன்று மட்டும். மாமா சொன்னது நேற்று என்பதால் வினையும் ஒரு படி பின்னால் இறங்க வேண்டும். 'வில்' என்பது 'வுட்' ஆகும், 'ஆம்' என்பது 'வாஸ்' ஆகும், 'வென்ட்' என்பது 'ஹேட் கான்' ஆகும். 'அங்கிள் செட் தட் ஹி வுட் கம் த நெக்ஸ்ட் டே.' சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று ஆசிரியர் சொன்னால் மட்டும் இறக்க வேண்டியதில்லை. இன்றும் அங்கேதான் உதிக்கிறது.

கட்டளை இன்னும் எளிது. "உட்கார் என்றார்" என்பதை "உட்காரச் சொன்னார்" என்போம். 'டோல்ட் மீ டு சிட்.' சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. கேள்வி வந்தால் இரண்டு விஷயம். 'ஆ' என்று முடியும் கேள்விக்கு, அதாவது வந்தாயா, சாப்பிட்டாயா என்பவற்றுக்கு, 'இஃப்' போடு. என்ன, எங்கே, ஏன் என்றால் அந்தச் சொல்லே இணைப்புச் சொல். இரண்டிலும் கேள்விக்குறியை எடுத்துவிட்டு எழுவாயை வினைக்கு முன்னால் கொண்டுவா. கேள்விக்குறியை எடுக்காமல் விட்டு அரை மதிப்பெண் இழந்தவர்களை வரிசையில் நிறுத்தினால் பழைய பஸ் நிலையம் வரை போகும்.

செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றம்?

தமிழிலேயே படித்ததுதான். 'எதை', 'யாரை' என்று கேட்டால் விடை வர வேண்டும். 'குழந்தை தூங்கியது' என்பதில் எதைத் தூங்கியது? விடை இல்லை, ஆகவே மாற்ற முடியாது. 'மாம்பழம் என்னால் உண்ணப்பட்டது' என்று சேலத்தில் எந்த மனிதரும் சொன்னதில்லை, பயிற்சிக்காகத்தான் எழுதுகிறோம். இயல்பாக எங்கே வரும் என்றால், செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில். 'மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது.' அணைதான் பேச்சு, ரிப்பன் வெட்டியவர் அல்ல. அத்தகைய வாக்கியத்தில் 'பை' போட்டு யாரையாவது இழுத்து வர வேண்டாம்.

'இஸின்ட் இட்' என்பது எல்லா வாக்கியத்துக்கும் பொருந்தாதா?

தமிழில் 'இல்லையா' எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் பொருந்தாது. வாக்கியத்தில் இருக்கும் துணைவினையையே வாலில் போடு. தலை உடன்பாடு என்றால் வால் எதிர்மறை, தலை எதிர்மறை என்றால் வால் உடன்பாடு.

உருபுச் சொற்கள், அதாவது இன், ஆன், அட், டு, வித். எதை எங்கே போடுவது?

எங்கே போடக் கூடாது என்பதை முதலில் கற்றுக்கொள். நம் வேற்றுமை உருபுகள் ஆங்கிலத்துக்குள் திருட்டுத்தனமாக நுழையும் இடங்கள் சில இருக்கின்றன. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்டு அபௌட்' என்கிறோம், 'டிஸ்கஸ்டு' போதும். 'சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்பதால் 'ரீச்டு டு சேலம்', 'டு' வேண்டாம். 'அவனிடம் சொன்னேன்' என்பதால் 'டோல்ட் டு ஹிம்', அங்கேயும் வேண்டாம். 'செட்' வந்தால் மட்டும் 'டு' வேண்டும். இந்த மூன்று நான்கைக் கழித்தாலே நோட்டில் சிவப்பு குறையும்.

பாடலில் ரைம் என்றால் எதுகைதானே? அல்லிட்டரேஷன் என்றால் மோனைதானே?

இரண்டாவது சரி, முதலாவது தப்பு. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. அது அடியின் தலையில் நடக்கிறது. ஆங்கில ரைம் அடியின் வாலில் நடக்கிறது. அதற்கு நம் இலக்கணத்தில் இயைபு என்று பெயர். இயைபைத் தேடு என்றால் பிள்ளைகள் நேராக அடியின் கடைசிச் சொல்லுக்குப் போகிறார்கள். எதுகை என்றால் நடுவில் எங்கோ தேடுகிறார்கள். கடைசிச் சொற்களை மட்டும் விரலால் மறைக்காமல் விட்டு வாய்விட்டுப் படி. ஒலி ஒன்றினால் ஒரே குறி, மாறினால் அடுத்த குறி. ரைம் ஸ்கீம் முடிந்தது.

மோனையிலும் ஒலிதான் கணக்கு, எழுத்து அல்ல. 'நைஃப்' என்று ஒலிப்பதற்கு ஆங்கிலத்தில் முன்னால் ஒரு கே இருக்கிறது. அது வாய் திறக்காது. எனவே 'நைஃப்', 'நட்' மோனை. 'சிட்டி', 'கேட்' இரண்டும் சி என்ற எழுத்தில் தொடங்கினாலும் மோனை இல்லை.

உவமைக்குப் 'போல' இருக்கும், உருவகத்தில் இருக்காது. இதைத் தமிழ் ஆசிரியரே சொல்லித்தந்திருப்பார். உயிரில்லாததை ஆள்போலப் பேச வைப்பதுதான் பர்சானிஃபிகேஷன். ருட்யார்ட் கிப்ளிங் இயந்திரங்களைப் பற்றி எழுதிய பாடலில் இயந்திரங்களே 'நாங்கள்' என்று பேசுகின்றன. 'அந்த அணி எந்த வரியில் இருக்கிறது' என்று கேட்டால் 'நாங்கள்' வரும் வரியைக் காட்டு. பம்பாயில் பிறந்த மனிதர் அவர். இயந்திரத்தைப் புகழ்கிறாரா எச்சரிக்கிறாரா என்று நானும் பிள்ளைகளும் திண்ணையில் ஆண்டுதோறும் சண்டை போடுவோம். பொய்யைப் புரிந்துகொள்ளவோ இரங்கவோ மன்னிக்கவோ தங்களால் முடியாது என்று அந்த இயந்திரங்களே ஒப்புக்கொள்ளும் இடத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

பாடக் கதையில் வரும் ஹாமெல் ஆசிரியர் அன்று ஏன் விசேஷ உடை அணிந்திருந்தார்? 'அது கடைசி வகுப்பு என்பதால்' என்று எழுதினேன், பாதி மதிப்பெண்தான் கிடைத்தது.

உன் விடை தப்பு இல்லை, குட்டையாக இருக்கிறது. 'ஏன்' என்ற கேள்விக்கு ஒரு காரணம் எழுதினால் அந்தக் காரணத்தையும் ஒரு முறை 'ஏன்' கேள்.

பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயின் கதை அது. 1870–71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாஸ், லொரைன் பகுதிகள் ஜெர்மனியிடம் போகின்றன. இனி பள்ளிகளில் ஜெர்மன்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு. ஹாமெல் பச்சைக் கோட்டும், மடிப்பு வைத்த சட்டையும், கறுப்புப் பட்டுத் தொப்பியும் அணிந்து வருகிறார். ஆய்வு நாளிலும் பரிசளிப்பு நாளிலும் மட்டுமே அவர் அணியும் உடை அது. இதுவரை எழுதினால் முதல் பாதி. ஆய்வாளர் வரவில்லை, பரிசும் இல்லை, பிறகு யாருக்காக? மொழிக்காக. நாற்பது ஆண்டு அதே அறையில் நின்ற தன் வேலைக்காகவும்தான். பின் பெஞ்சுகளில் ஊர்ப் பெரியவர்கள் வந்து அமர்ந்திருப்பதையும் இதோடு சேர்த்து எழுது. அவர்களும் அதே மரியாதையைத்தான் செலுத்த வந்திருக்கிறார்கள். உடையும் அந்தப் பெஞ்சும் ஒரே விடையின் இரண்டு பக்கங்கள்.

விடைத்தாளுக்கு வெளியே ஒரு செய்தி. அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் அன்று வீட்டில் பேசியது ஜெர்மன் வகைப் பேச்சுமொழி ஒன்றைத்தான். கதை அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இதைச் சொன்னபோது ஒரு பையன், "அப்படியானால் கதை பொய்யா மிஸ்?" என்றான். பொய் இல்லை, ஒரு பக்கத்திலிருந்து சொன்ன கதை. வீட்டு மொழி, பள்ளி மொழி, அரசு மொழி மூன்றும் வேறு வேறாக இருப்பது நமக்கு என்ன புதிதா? 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி உன் தாத்தாவிடம் கேள்.

பத்தி படித்து விடை எழுதும் பகுதியில் எல்லாம் பத்தியிலேயே இருக்கும் என்கிறார்கள். எனக்குக் கிடைப்பதில்லையே!

எல்லாம் இருக்கும், ஆனால் எல்லாம் எழுதப்பட்டிருக்காது. செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பற்றவைக்கும் இடத்தில் பொடி வைத்து ஊதுவார்கள். வேலை முடிந்ததும் பொடி தெரியாது, வளையம் மட்டும் ஒட்டியிருக்கும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று நாம் சொல்வதும் அதைத்தான். பத்தியில் அந்தப் பொடியைக் கண்டுபிடிப்பதுதான் கடினமான கேள்வி.

நானே எழுதிய ஒரு சிறு பத்தியைத் தமிழில் தருகிறேன்.

"ஏற்காடு பஸ் பதினெட்டாவது வளைவைக் கடந்தது. ஜன்னல்களை மூடும்படி கண்டக்டர் சொல்வதற்கு முன்பே கிழவி பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். முன் இருக்கை இளைஞன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டான். வெளியே சில்வர் ஓக் மரங்களின் கீழே காபிச் செடிகள் நனைந்திருந்தன. 'இங்கே எப்போதும் இப்படித்தானா?' என்று கேட்டான். அவள் சிரித்தாள். 'இன்னும் இரண்டு இருக்கிறது தம்பி' என்றாள்."

முதல் கேள்வி: கிழவி எதைப் போர்த்திக்கொண்டாள்? இது எழுதப்பட்டிருக்கிறது, ஒரு மதிப்பெண். இரண்டாவது: 'இரண்டு' என்பது எதைக் குறிக்கிறது? வளைவை. சொல் எட்டு வரி தள்ளி இருந்தாலும் பாவு இழையைப் பிடித்துப் பின்னால் போனால் கிடைக்கும். 'இட்', 'தே', 'திஸ்' எல்லாவற்றுக்கும் இப்படித்தான் போக வேண்டும். மூன்றாவது: மொத்தம் எத்தனை வளைவு? இருபது. பத்தியில் அந்த எண் இல்லை. பதினெட்டோடு இரண்டைக் கூட்ட வேண்டும். நான்காவது: இருவரில் யார் இந்தப் பாதைக்குப் புதியவர்? இளைஞன். சான்று என்ன? கேள்வி கேட்டவன் அவன், யாரும் சொல்லும் முன் சால்வையை எடுத்தவள் அவள். சான்று எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

ஐந்தாவது கேள்வியில்தான் எல்லோரும் விழுகிறார்கள். மழை பெய்ததா? செடிகள் நனைந்திருந்தன, சரி. மழையாக இருக்கலாம், பனிமூட்டமாகவும் இருக்கலாம். 'பத்தியில் சொல்லப்படவில்லை' என்பதும் ஒரு விடைதான். அதை எழுதப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வருவதில்லை.

சேலத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏற்காடு என்றதும் ஒருவன், 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காபி பயிரிட வைத்தார் என்பதையும், மலை 1,500 மீட்டர் உயரம் என்பதையும் அரைப் பக்கம் எழுதியிருந்தான். எல்லாம் உண்மை. பத்தியில் ஒன்றும் இல்லை. பொது அறிவுப் போட்டியில் கொடுத்திருப்பேன்.

முதலில் கேள்வியைப் படிப்பதா, பத்தியைப் படிப்பதா?

பத்தியை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை. கேள்வியை முதலில் படித்தால் கண் அந்தச் சொல்லைத் தேடி ஓடும், கிழவியின் சால்வை கண்ணில் படாது.

பத்தியில் உள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதலாமா?

ஒரு மதிப்பெண் கேள்விக்கு எழுதலாம், ஆனால் தேவையான துண்டை மட்டும். மூன்று வரியையும் அள்ளிப் போட்டால் எது விடை என்று உனக்குத் தெரியவில்லை எனத் திருத்துபவர் நினைப்பார். பத்தியில் 'ஐ' இருந்தால் விடையில் 'ஹி' அல்லது 'ஷி' ஆக்க மறக்காதே. 'ஏன்' கேள்வி என்றால் 'பிகாஸ்'.

ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் பேரன் ஆங்கிலத்தில் மழைபோலப் பேசுகிறான். ஆனால் பாடக் கேள்விக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. ஆங்கிலம் பத்தவில்லையா?

ஆங்கிலம் போதும் ஐயா. விடுமுறையில் வந்தபோது அவனிடம் பாடக் கதையைத் தமிழில் கேட்டேன். தமிழிலும் இரண்டு வரிதான் சொன்னான். பேசுவது வேறு, நினைத்ததை வரிசைப்படுத்துவது வேறு. வாரம் ஒருமுறை தொலைபேசியில் ஏதாவது ஒரு கதையை, எந்த மொழியிலாவது, அவன் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் ரயில்வேயில் வேலை பார்த்தவர், 'ஏன் தாமதம்' என்று கேட்கத் தெரியாமலா இருக்கும்?

கைடு வாங்கலாமா? செயலியில் கேட்டு எழுதலாமா?

கைடைத் திறப்பதற்கு முன் உன் விடையை எழுதிவிடு, பிறகு ஒப்பிட்டுப் பார். முன்னால் திறந்தால் அதன் வாக்கியம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. செயலியும் அப்படியே. ஒரு பையன் அதில் எடுத்த விடையை வாசித்துக் காட்டினான். நடுவில் ஒரு சொல்லில் நின்றான். "இது என்ன?" என்றேன். "நான்தான் எழுதினேன், ஆனால் எனக்குத் தெரியாது மிஸ்" என்றான். செயலியிடம் விடை கேட்காதே. நீ எழுதியதைக் கொடுத்து, பிழை எங்கே என்று மட்டும் கேள். அது சொல்வதும் எப்போதும் சரியாக இருக்காது. பாடலில் இல்லாத வரியை இருப்பதாகச் சாதித்ததை நானே பார்த்திருக்கிறேன். புத்தகத்தைத் திறந்து சரிபார்.

மனப்பாடப் பாடல் மறந்துபோகிறது.

எழுதிப் படிக்காதே, நடந்து படி. நிறுத்தற்குறிகளையும் சேர்த்து.

என்றைக்கெல்லாம் திண்ணை உண்டு?

ஞாயிறு தவிர எல்லா நாளும். ஆடியில் மாரியம்மன் பண்டிகை வாரம் கிடையாது. யாரும் வரமாட்டீர்கள், நானும் இருக்கமாட்டேன். அந்த வாரம் சந்தேகம் வந்தால் படம் அனுப்புங்கள். நோட்டை நேராகப் பிடித்து எடுங்கள்.